கேட்ட அதிசயங்கள், கேளாத அதிசயங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



உலகத்து இயற்கை அதிசயங்களைப் பற்றி இன்றைய உரை அமைய வேண்டும் என்று கேட்கப்பட்டபோது எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. அதிசயம் என்று நாம் சொல்பவை பெரும்பாலும் கண்ணுக்கு விருந்தானவை. வடதுருவ வானிலே பச்சைத் திரைச்சீலை போல அசையும் ஒளி, வெனிசுவேலா நாட்டின் மரக்கைபோ ஏரிக்கு மேலே இரவிரவாக வெட்டிக்கொண்டிருக்கும் மின்னல், ஆபிரிக்காவின் விக்ரோரியா நீர்வீழ்ச்சி. இவற்றையெல்லாம் ஓர் ஒலிவாங்கியின் முன்னால் இருந்துகொண்டு நான் எப்படி உங்களுக்குக் காட்டுவது? படம் போட்ட சஞ்சிகை செய்ய வேண்டிய வேலை அது.

ஆனால் அந்த விக்ரோரியா நீர்வீழ்ச்சிக்கே, மகாராணியின் பெயர் வந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்னர், அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் 'மோசி-ஓவா-துன்யா'. இடியாய் முழங்கும் புகை என்பது அதன் பொருள். பார்த்ததும் கேட்டதும் ஒரே பெயரில் இருக்கின்றன. அதை நினைத்தபோதுதான் எனக்கு ஒரு வழி பிறந்தது. கண்ணுக்குரியவற்றை விட்டுவிடுவோம், காதுக்கு எட்டிய அதிசயங்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். வானொலிக்கு அதுவே பொருத்தம். எனக்கும் அதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எகிப்திலே, நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிர்ப்புறமாக இரண்டு பெரிய கற்சிலைகள் அமர்ந்திருக்கின்றன. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் என்ற மன்னன் தன் கோயில் வாயிலில் இருத்திய தன்னுடைய உருவங்கள் அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 மீற்றர் உயரம். கோயில் இடிந்து வயலோடு வயலாகிவிட்டது. வாயில் காத்தவை மாத்திரம் மிஞ்சின. கி.மு. 27ஆம் ஆண்டளவில் நேர்ந்த ஒரு பூமியதிர்ச்சியில் வடபுறத்துச் சிலை இடுப்புக்கு மேலே உடைந்து சரிந்தது. அதன் பிறகுதான் அதிசயம் தொடங்கியது. சூரியன் உதிக்கும் வேளையில், உடைந்த அந்தக் கல்லிலிருந்து ஓர் ஓசை எழலாயிற்று.

கிரேக்கர் இதற்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். வைகறைத் தெய்வத்தின் மைந்தன் மெம்னோன். திரோய்ப் போரிலே அக்கிலீசின் கையால் மாண்டவன். காலைதோறும் தன் தாய் கீழ்வானில் தோன்றும்போது அவளை அவன் அழைக்கும் குரலே அது என்றார்கள். கல்லுடைந்த ஓசைக்கு இதைவிட அழகாக ஒரு காரணம் சொல்ல முடியாது. மக்கள் திரள் திரளாகக் கேட்க வந்தனர். கி.பி. 130இல் உரோமப் பேரரசன் ஹாட்ரியனே தன் மனைவி சபீனாவுடன் வந்தான். அவர்களுடன் வந்தவள் யூலியா பல்பில்லா என்ற புலமையுள்ள சீமாட்டி. முதல் நாள் சிலை வாய் திறக்கவில்லை. பேரரசன் வந்து நின்றும் கல் மௌனம் சாதித்தது என்றால் உடன் வந்தவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அரசியின் அழகை மறுபடியும் காணும் ஆசையால்தான் மெம்னோன் மௌனமாயிருந்தான் என்று சாதுரியமாக ஒரு பாட்டுக் கட்டினாள் பல்பில்லா. பின்னர் ஓசை கேட்டதையும் பாடினாள். அவளுடைய பாடல்கள் நான்கு இன்றும் அச்சிலையின் காலிலே வெட்டப்பட்டிருக்கின்றன. அவள் மாத்திரமல்ல. வந்தவர்கள், கேட்டவர்கள் எனக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் அந்தக் கல்லின் கால்களை நிறைத்திருக்கின்றன.

இவர்கள் எல்லோருக்கும் முன்னதாக அங்கே வந்தவர் ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர். ஆள்பதியுடனும் படையினருடனும் ஒரு காலை வேளையில் வந்து நின்று தானும் அந்த ஓசையைக் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. ஓசை சிலையிலிருந்து வந்ததா, அதன் பீடத்திலிருந்து வந்ததா, அல்லது அடியிலே நின்ற ஆட்களில் யாரேனும் வேண்டுமென்றே எழுப்பினார்களா என்பதைத் தன்னால் உறுதிப்படுத்த முடியாது என்கிறார். கல் பாடியது என்று நம்புவதைவிட வேறெதையும் நம்பத் தான் தயார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கேட்டதைக் கேட்டேன் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் ஒரே பந்தியில் எழுதிய அந்த மனிதரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பல்பில்லாவின் பாட்டு அழகானதுதான். ஆனாலும் ஒரு வழக்கில் சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் ஸ்ட்ராபோவைத்தான் அழைப்பேன்.

இரவிலே பனியில் ஈரமேறிய கல், காலை வெயிலில் சடுதியாகச் சூடேற, அதன் வெடிப்புகளில் நேர்ந்த விரிவும் நீராவியின் வெளியேற்றமும் அந்த ஓசையை எழுப்பியிருக்கலாம் என்பது இன்றைய விளக்கம். சோதித்துப் பார்க்க வழியில்லை. கி.பி. 200 அளவில், பேரரசன் செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில், உடைந்த மேற்பகுதியைக் கல்லடுக்கிச் சீர்செய்தார்கள் என்று கருதப்படுகிறது. மெம்னோனுக்குச் செய்த மரியாதை அது. அன்றோடு அவன் குரல் நின்றுபோயிற்று.

கல்லிலிருந்து மணலுக்கு வருவோம்.

சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங்கை நாம் அறிவோம். கி.பி. 640 அளவில் அவர் காஞ்சிபுரம் வரை வந்தார். அங்கிருந்து இலங்கைக்கு வருவதே அவர் எண்ணம். ஆனால் இலங்கையிலிருந்து கரையேறிய பிக்குமார், அரசன் இறந்து நாட்டிலே பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாகச் சொல்லவே, அவர் வராமலே திரும்பிவிட்டார். நம் நாட்டைப் பற்றி அவர் எழுதியவை கேள்வி ஞானமே. இப்படிக் கேட்டு எழுதியவரே, தாய்நாடு திரும்பும் வழியில் தக்லமக்கான் பாலைவனத்தின் ஓரத்தைக் கடந்தபோது, அங்கே சில வேளை பாட்டும் சீழ்க்கையும் சில வேளை வேதனையான அழுகுரலும் கேட்கும் என்றும், அவற்றைக் கேட்டு மயங்கியவர்கள் வழி தவறி மாண்டுபோவார்கள் என்றும் பதிவு செய்தார். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து மார்க்கோ போலோ லோப் பாலைவனத்தைப் பற்றி ஏறக்குறைய இதையே சொல்கிறார்: பேய்கள் பிரயாணியைப் பெயர் சொல்லி அழைக்கும், வெறுவெளியிலே மேளங்களும் வாத்தியங்களும் முழங்கும். தங்கள் கூட்டத்தின் ஓசை பிரிந்து தெரிய வேண்டுமென்று விலங்குகளின் கழுத்தில் மணி கட்டினார்களாம். அது கட்டுக்கதையிலே வரக்கூடிய விபரமல்ல. பயந்த மனிதர் கண்டுபிடித்த உபாயம்.

மார்க்கோ போலோ அளந்துவிட்டார் என்று நெடுங்காலம் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் மணல் மெய்யாகவே முழங்குகிறது. சீனத்தின் துன்ஹுவாங் நகரத்துக்கு அருகிலுள்ள மணற்குன்றுகளின் பெயரே மிங்ஷா, பாடும் மணல். மொரோக்கோவில், ஓமானில், கலிபோர்னியாவின் கெல்சோ குன்றுகளில், சிலி நாட்டின் வடக்கில் என்று உலகின் பல பாலைகளில் இது நிகழ்கிறது. சிலியிலுள்ள குன்றுக்கு எல் பிரமடோர் என்று பெயர். உறுமுபவன் என்று பொருள். 1835இல் கொபியாப்போ ஊருக்குச் சென்ற சார்ள்ஸ் டார்வினிடம் அவ்வூரார் அந்தக் குன்றைப் பற்றிச் சொன்னார்கள். அவர் போய்ப் பார்க்கவில்லை. அப்போது தான் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதைத் தன் யாத்திரை நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். பிரேசில் கரையில் காய்ந்த மணல்மேல் குதிரை நடந்தபோது மணல் கீச்சிட்டதைத் தான் கவனித்ததாக மட்டும் குறிப்பிடுகிறார். ஒரு சிட்டுக்குருவியின் அலகைக்கூட விடாமல் பார்த்த மனிதர், உறுமும் மலையைத் தவறவிட்டார்.

இந்த முழக்கத்துக்குக் காரணம் காற்று அல்ல என்பதுதான் வியப்பு. குன்றின் செங்குத்தான சரிவில் மணல் சரியும்போது, கோடானுகோடி மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, தாமாகவே ஒரே தாளத்தில் இணைந்துவிடுகின்றன. பட்டாளத்தின் அணிநடை போல. அப்போது மணலின் மேற்பரப்பே ஒரு மேளத்தின் தோலாகிவிடுகிறது. எல்லா மணலும் பாடாது. மணி உருண்டையாகவும், ஏறத்தாழ ஒரே பருமனாகவும், நன்றாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் பாட்டு நின்றுவிடும். பிரெஞ்சு ஆய்வாளர் சிலர் மொரோக்கோ மணலும் ஓமான் மணலும் எழுப்பும் சுருதியை ஒப்பிட்டு 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மொரோக்கோ மணல் செக்கனுக்கு ஏறக்குறைய 105 அதிர்வு என்ற ஒரே சுருதியில் நிற்கிறது. ஓமான் மணலோ 90க்கும் 150க்கும் இடையே பல சுருதிகளில் குழம்பி ஒலிக்கிறது. அதன் மணிகள் பல பருமனானவை. அந்த ஓமான் மணலை அரித்து ஒரே பருமனான மணிகளைப் பிரித்தெடுத்துச் சரியவிட்டபோது, அதுவும் ஒரே சுருதியில் பாடியது! அரிதட்டை வைத்துச் சுருதி சேர்த்தவர்கள் உலகத்தில் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். சுருதியை முடிவு செய்வது மணிகளின் பருமனா, குன்றின் மேலடுக்கின் கனமா என்பதில் இவர்களுக்கும் கலிபோர்னிய ஆய்வாளர்களுக்கும் இடையே நடந்த வாதம் வேறு கதை.

ஆக, யுவான் சுவாங்கும் மார்க்கோ போலோவும் எழுதிய ஓசையில் பொய்யில்லை. காரணம் சொன்ன இடத்தில்தான் பேய் புகுந்துகொண்டது.

இனி, கேட்க விரும்பாதவர்களின் காதையும் வந்து தட்டிய ஓர் ஓசை. 1883ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் திகதி காலை பத்து மணியளவில் சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையேயுள்ள கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அங்கிருந்து ஏறக்குறைய 4,800 கிலோமீற்றர் தொலைவில், இந்து சமுத்திரத்தின் மறுகோடியில் இருக்கிறது றொட்றிக்ஸ் என்ற சிறு தீவு. அத்தீவின் பொலிஸ் அதிகாரி, கிழக்குத் திசையிலே எங்கோ பீரங்கிகள் முழங்குவது போலக் கேட்கிறது என்று குறித்துவைத்தார். ஓசை அவரிடம் வந்துசேர நான்கு மணித்தியாலம் சென்றிருந்தது. யாரோ நடுக்கடலில் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றே கேட்டவர்கள் நினைத்தார்கள். காதுக்குக் கேளாத அமுக்க அலையோ உலகத்தையே பல தடவை சுற்றிவந்து, ஏறக்குறைய ஐந்து நாட்கள் வரை வானிலை நிலையங்களின் கருவிகளில் கோடு கீறிச் சென்றது. 36,000 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலும் கடல் கொண்டவர்கள். அந்தக் கடல் நம் நாட்டையும் தொட்டது. கிழக்குக் கரையில் பாணமையிலே ஒரு பெண்ணை அது வாரிக்கொண்டு போனதாகப் பதிவிருக்கிறது. அவளுடைய பெயரைப் பதிவு செய்தவர்கள் எழுதவில்லை.

அண்மையில், 2022 ஜனவரி 15இல் தொங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை ஒன்று வெடித்தபோது, 9,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அலாஸ்காவில் மக்கள் அதைக் காதால் கேட்டார்கள். இம்முறை அவர்கள் பேயையோ பீரங்கியையோ நினைக்கவில்லை. சில நிமிடங்களில் கைத்தொலைபேசியில் விடை வந்துவிட்டது.

விடை வராத முழக்கங்களும் உண்டு. வங்காளத்தின் கங்கைக் கழிமுகத்திலே, பரிசால் பகுதியில், வானம் தெளிந்திருக்கும்போதும் கடற்பக்கமிருந்து குண்டு வெடிப்பது போன்ற ஓசை கேட்பதை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் பதிந்து 'பரிசால் பீரங்கி' என்று பெயரிட்டனர். பெல்ஜியக் கரையிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவின் செனெக்கா ஏரியிலும் அதே கதை. ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் அதை வைத்து 'ஏரிப் பீரங்கி' என்ற பெயரில் ஒரு கதையே எழுதினார். விஞ்ஞானிகள் பல காரணம் சொல்கிறார்கள். ஒன்றிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை.

துருவ ஒளி விடயத்தில் நடந்ததும் இதில் சேரும். ஒளி அசையும்போது மெல்லிய படபடப்பும் வெடிப்பும் கேட்பதாக வடநாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஒளி நிகழ்வது ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில். அங்கே ஒலியைச் சுமந்துவரப் போதிய காற்றே இல்லை. ஆகவே அது மனப்பிரமை என்று படித்தவர்கள் தள்ளிவிட்டார்கள். பின்லாந்தின் ஒலியியற் பேராசிரியர் உந்தோ லைனே பிடிவாதமாக ஒலிவாங்கியை வைத்துக் காத்திருந்து அதைப் பதிவு செய்தார். நிலத்திலிருந்து வெறும் 70, 80 மீற்றர் உயரத்தில், குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் படியும் இடத்தில் மின்னேற்றம் சிதறுவதே காரணமாகலாம் என்று 2016இல் அவர் ஒரு விளக்கமும் தந்தார். விளக்கம் நிற்குமோ நிற்காதோ, கேட்டவர்கள் கேட்டார்கள் என்பது நின்றுவிட்டது.

இதற்கு மறுதலையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1997இல் பசிபிக் சமுத்திரத்தில் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் அமிழ்த்தப்பட்டிருந்த அமெரிக்க ஒலிக்கருவிகளில் ஒரு பேரோசை பதிவாகியது. திமிங்கிலத்தையும் மிஞ்சிய ஏதோ ஓர் உயிர் ஆழ்கடலில் கத்துகிறது என்று உலகமே கதை கட்டியது. முடிவில் அது அந்தாட்டிக்காவின் பனிப்பாறை பிளந்த ஓசை என்று தெரிந்தது. கதை எழுதியவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனிமலை பிளக்கும் ஓசை சமுத்திரத்தையே கடந்து வருவது, பூதம் ஒன்று கத்துவதைவிடச் சின்ன விடயமா என்ன?

இனி வீட்டுக்கு வருகிறேன்.

1848இல், அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். நிலாக்காலத்தில் ஒரு தோணியில் வாவிக்குள் இறங்கினார். நீரின் அடியிலிருந்து எழுந்துவந்த ஓசையை அவர் 1859இல் வெளியான தன் பெருநூலில் விபரிக்கிறார். ஈரமான விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை உரசும்போது எழும் நாதம் போன்றது என்கிறார். ஒரே தொடர்ச்சியான ஓசை அன்று. எண்ணற்ற சின்னஞ்சிறு ஓசைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவானவை. தோணியின் மரத்தில் காதை வைத்தால் இன்னும் பலமாகக் கேட்டதாம். தோணி நகர நகர ஓசை மங்கியது. திரும்பவும் அவ்விடத்துக்கு வந்தபோது மறுபடி கேட்டது. ஆகவே ஓசைக்கு உரியது ஓரிடத்தில் கிடப்பது என்று அவர் ஊகித்தார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஒரு சிப்பியினத்தை. அவர்கள் அதற்குச் சொன்ன பெயரைத் தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதி, அழும் சிப்பி என்று பொருளும் தந்திருக்கிறார். சிதைந்து கிடக்கும் அந்த எழுத்துக்களை நான் 'ஊரி குழறுகிறது' என்றே வாசிக்கிறேன். ஊரி என்பது என்ன என்று கரையோர மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குழறுதல் என்றால் நம் நாட்டுப் பேச்சிலே வாய்விட்டு அழுதல்.

இது எனக்குப் பிடித்தமான சொல். பழந்தமிழில் இரங்குதல் என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு: வருந்துதல் ஒன்று, ஒலித்தல் ஒன்று. கடல் இரங்கும் என்றால் அது முழங்குவதும் ஆகும், புலம்புவதும் ஆகும். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்கள் கரையிலே நின்று கேட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். டெனன்றுக்குச் சொன்ன மீனவரும் அந்த வழியில் வந்தவரே. பாட்டு என்று நாம் பிற்காலத்தில் சொன்னதை அவர் அழுகை என்று சொன்னார். சுவாமி விபுலாநந்தரோ அந்த நாதத்தை நீரர மகளிரின் இன்னிசையாகக் கொண்டு பாடல் செய்தார். மீன்பாடும் தேன்நாடு என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஐம்பதுகளில், மட்டக்களப்பிலே பணிபுரிந்த அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் ஒருவர் அந்த ஓசையைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாகியது.

அந்த ஒலிபரப்பைக் கேட்டவர் என் மாமா. அத்தையின் கணவர், கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர், கல்லடியிலே வீடு. தன் ஊர் வாவியின் குரல் வானலையில் வந்ததில் அவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. 1965இல், எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த என்னை ஒரு பூரணை இரவில் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். பாலத்துக்கு அருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மறுநுனியை என் காதில் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். மாமா மூச்சுக்கூட விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனே, கேக்குதா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீர் மரத்தில் மோதும் சளப் என்ற சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் மாமா, கேக்குது. வீணை மாதிரிக் கேக்குது" என்றேன்.

மாமா துடுப்பை வாங்கித் தானும் கேட்டார். தலையை ஆட்டினார். அவருக்குக் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடயம் அத்தோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். பள்ளி திறந்ததும் 'மட்டுநகர் வாவியில் ஓர் இரவு' என்று ஒரு கட்டுரை எழுதினேன். நிலவு, நீர், நீருக்கடியிலிருந்து எழும் வீணாகானம் எல்லாம் அதில் இருந்தன. முதற்பரிசு கிடைத்தது. மாமா ஒரு பிரதி கேட்டு எழுதியிருந்தார். அழகாக எழுதி அனுப்பிவைத்தேன். வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டுவார் என்று அத்தை சொல்வார். நான் எழுதத் தொடங்கிய கதை அதுதான், நேயர்களே. மெம்னோனின் காலிலே பெயரை வெட்டிவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் மெய்யாகவே கேட்டார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொப்பித் தாளின் நினைவு வரும்.

பிற்காலத்தில் இந்த விடயங்களை வாசிக்கத் தொடங்கியதற்கும் அதுவே காரணம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே சொசலிற்றோ என்ற இடத்தில், படகு வீடுகளில் குடியிருப்போரை 1980களில் இரவு முழுவதும் ஓர் இரைச்சல் உறங்கவிடாமல் செய்தது. கழிவுநீர்ப் பம்பி என்றார்கள். இராணுவத்தின் இரகசிய வேலை என்றார்கள். கடைசியில் அது ஒரு மீன். கற்களுக்கடியில் கூடமைக்கும் ஆண் மீன், தன் காற்றுப்பையின் தசைகளைச் செக்கனுக்கு ஏறக்குறைய நூறு தடவை சுருக்கி, மணிக்கணக்காக முரலுகிறது. பெண் மீனை அழைப்பதற்காக. அதைவிட வியப்பு அந்தப் பெண் மீனின் செவி. இனப்பெருக்க காலம் நெருங்கும்போது அதன் உடலிலே ஊறும் ஓமோன்கள் செவியையே மாற்றி, ஆணின் குரலை நன்கு கேட்கத்தக்கதாக ஆக்கிவிடுகின்றன. மற்றக் காலத்தில் அதே குரல் அதற்கு அத்தனை தெளிவாகக் கேட்பதில்லை.

நமது வாவியில் குழறுவது மீனா, ஊரியா, வேறெதுவுமா என்பது இப்படி ஐயமறத் தீர்க்கப்படவில்லை. தீர்க்க முனைந்திருக்கக்கூடிய காலமெல்லாம் போரிலே போயிற்று. இரவிலே வாவியில் இறங்கி நீருக்குள் துடுப்பை விட்டுக் காத்திருப்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. 1991இல் மாமா காலமானபோது நான் கொழும்பிலே இருந்தேன். பாதை திறந்திருக்கவில்லை, செத்தவீட்டுக்குப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து மச்சான் அவருடைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் தந்தார். மடிப்புகள் இற்றுப்போயிருந்தன. என் கட்டுரைதான். 'வீணை' என்ற சொல்லின் கீழே மாமா தன் கச்சேரிப் பேனையால் ஒரு கோடு போட்டிருந்தார். மெச்சிப் போட்ட கோடா, ஐயத்தில் போட்ட கோடா என்று கேட்க ஆளில்லை.

2014இல், புதிய கல்லடிப் பாலம் திறந்து அடுத்த ஆண்டு, ஒரு பூரணைக்கு அங்கே போனேன். மச்சானின் இளைய மகன், பதினான்கு வயதுப் பையன், துணைக்கு வந்தான். ஒரு மீனவரின் தோணியை வாடகைக்குப் பேசிப் பழைய பாலத்துக்கு அருகே நிறுத்தினோம். புதிய பாலத்தில் வாகனங்கள் ஓய்ந்தபாடில்லை. ஒவ்வொன்று போகும்போதும் துடுப்பின் வழியே ஓர் அதிர்வு ஏறி வந்தது. பதினொன்றரை மணிக்குப் பிறகு அதுவும் அடங்கியது. நான் காதை எடுக்காமல் நெடுநேரம் இருந்தேன்.

"மாமா, கேக்குதா?" என்றான் பையன்.

"இல்லை. எனக்குக் கேக்கேல்லை" என்றேன். "நீ ஒருக்கா வைச்சுப் பார்."

வாங்கி வைத்தான். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கும், பேச்சைக் காணவில்லை.

"ஏதோ கேக்குது மாமா" என்றான் பிறகு. "ஆனா என்னெண்டு சொல்லத் தெரியல்ல."

வீட்டுக்கு வந்து சேர இரவு ஒரு மணியாகிவிட்டது.